சஹனில் வாய் வைத்த நாய்

கடுகண்ணாவையில் டயர் கடையில் வேலை செய்தபோதுதான் அந்த நாய் என்னோடு ஒட்டிக்கொண்டது. நான் வளர்க்கவில்லை. கணவாய் ஏறி வரும் லொறிகள் சூடேறி எங்கள் கடைக்கு முன்னால் நிற்கும். சாரதிகள் இறங்கிப் பாண் தின்பார்கள், மிச்சத்தை ஓரத்தில் எறிவார்கள். அந்த மிச்சத்துக்காக வந்த பெட்டை நாய் அது. செம்மண் நிறம், ஒரு காது கிழிந்திருக்கும். கடைக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் நான் படுப்பேன். மழைக்காலத்தில் அது என் கால்மாட்டில் வந்து சுருண்டுகொண்டது. அங்கே அடிக்கும் குளிருக்கு நானும் அதை விரட்டவில்லை.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்கியிருக்கிறேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போட்டிருக்கிறேன். கட்டாரில் வெயிலில் நின்று கம்பி கட்டியிருக்கிறேன். எந்த இடத்திலும் என்னைத் துரத்தியதில்லை, நானாகத்தான் கிளம்புவேன். பெருநாளுக்கு மட்டும் அலவத்துகொடையில் இருக்கும் வீட்டுக்கு வருவேன், பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் தீருவதற்குள் போய்விடுவேன். உம்மா ஒவ்வொரு முறையும், "இந்த முறையாவது நிப்பியா?" என்று கேட்பார். "பாப்பம்" என்பேன். அது எங்கள் இருவருக்கும் பழகிப்போன பேச்சு.

இந்த முறை வேறு. டயர் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துவிட்டது. கடைக்காரரும் கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். என் அக்கா, நாங்கள் ராத்தா என்போம், மாப்பிள்ளையோடு உம்மா வீட்டிலேயே இருக்கிறாள். அவருக்கு, என் மச்சானுக்கு, அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. மச்சான் போன் எடுத்து, "பாரம் தூக்க வேணாம், கல்லாவுக்குப் பக்கத்துல கதிரையில இரி. நம்பிக்கையான ஆள் ஒண்டு வேணும்" என்றார். முதல்முறையாக எனக்கும் நின்றுவிடலாம் என்று தோன்றியது. மரக்கறி லொறிக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் போவதாகச் சொன்னார். பின்பக்கம் ஏறினேன். நாயும் ஏறியது. இறக்கிவிட்டேன், மறுபடியும் ஏறியது. சாரதி ஹோர்ன் அடித்தார். சரி, வரட்டும் என்று விட்டேன்.

வீட்டு வாசலில் உம்மா முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் காலுக்குப் பின்னால் பார்த்தார்.

"மகன், ஒன்ட பொறத்தால நிக்கிறது என்ன?"

"நாய்."

"நாய்ண்டு எனக்குத் தெரியாதா? ஏன் வந்தீக்கிது?"

"அதுட்டத்தான் கேக்கணும், உம்மா."

ராத்தா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அல்லாஹ்! இவன் ஒரு நாளைக்கு ஒரு பொண்ணக் கையில புடிச்சிக் கூட்டிட்டு வருவாண்டு நான் எவ்வளவு துஆ கேட்டன். கூட்டிட்டுத்தான் வந்தீக்கான், பாருங்க."

"பொண்ணுதான் ராத்தா. பெட்டை."

உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "வேலிக்கு இங்கால அது வரப்படாது. செல்லிட்டன்" என்றார்.

எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் நாய் வைப்பதில்லை. வெறுப்பு ஒன்றும் இல்லை, சுத்தம்தான் காரணம். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். பூனைக்கு அந்தக் கணக்கு இல்லை. உம்மாவின் பூனை அவருடைய தொழுகைப் பாயிலேயே உறங்கும். நெற்றியைத் தரையில் வைக்க ஸுஜூதுக்குப் போகும்போது அவர் அதை ஒரு கையால் மெல்லத் தள்ளுவார், அது கண்ணைத் திறக்காமல் தள்ளப்பட்டுப் போகும். அப்படிப்பட்ட வீட்டில் என் நாய் வேலிக்கு வெளியே நின்று, கம்பிக்கிடையே மூக்கை நீட்டி, சமையல் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் மச்சான் பேச்சை எடுத்தார். நல்ல மனிதர். யார் மனமும் நோகாமல் பேச நினைப்பார், அதனால் சுற்றி வளைப்பார். "கண்டி மார்க்கெட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டா அதுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல. எறச்சிக் கடைகள் ஈக்கிதுதானே. நீ நில்லு. நாய மட்டும்..."

"பெருநாள் முடிஞ்சதும் ரெண்டு பேருமாப் போறம், மச்சான்" என்றேன்.

கோபத்தில் சொல்லவில்லை. என்னை நம்பி லொறி ஏறிய ஒன்றை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வந்து கல்லாப் பக்கத்தில் கதிரையில் உட்கார முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். உம்மா என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு அகப்பை கறி ஊற்றினார். நான் போதும் என்று சொல்லியும் ஊற்றினார்.

மச்சானுக்குக் கடைக்கு அடுத்தபடி ரோசாதான் உயிர். வீட்டுக்குப் பின்னால் கராம்பு மரங்களுக்குக் கீழே வரிசையாகச் சாடிகள். பேராதனையிலிருந்தும் எங்கெங்கோ இருந்தும் கம்பு கொண்டுவந்து ஒட்டியவை. காலையில் தேநீர்க் கோப்பையோடு ஒவ்வொரு சாடியாக நின்று பார்ப்பார், இலையைத் திருப்பிப் பார்ப்பார். குரங்குகளுக்கும் அந்த ரோசாக்களில்தான் பிரியம். மொட்டு விரிவதற்கு முதல் நாள் வந்து கிள்ளித் தின்றுவிடும். தகரம் தட்டினார், வலை கட்டினார், ரப்பர் பாம்பு வாங்கித் தொங்கவிட்டார். குரங்கு அந்தப் பாம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பெருநாளுக்கு முந்தின நாள் குரங்குக் கூட்டம் கூரை வழியாக இறங்கியது. வேலிக்கு வெளியே கிடந்த என் நாய் அப்படி ஒரு குரலில் குரைத்து நான் கேட்டதே இல்லை. குரங்குகள் கராம்பு மரத்தில் பாய்ந்து, அங்கிருந்து அடுத்த வளவுக்குப் பாய்ந்தன. மச்சான் பனியனோடு ஓடிவந்து சாடிகளைப் பார்த்தார். எல்லா மொட்டும் இருந்தது. நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

நோன்புப் பெருநாள் காலை பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தோம். பகல் சாப்பாட்டுக்கு மச்சானின் ராத்தா அக்குறணையிலிருந்து மாப்பிள்ளையோடும் பிள்ளைகளோடும் வந்திருந்தார். எங்கள் பெருநாள் சாப்பாடு சஹனில்தான். பெரிய வட்டத் தட்டு, நிறையச் சோறு, நடுவில் கோழியும் கறிகளும், சுற்றிவர ஆட்கள். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டும். நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. வீட்டில் இரண்டு சஹன். மச்சான் வாங்கிய புதியதில் ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருந்தோம். மற்றது உம்மாவின் பித்தளைச் சஹன், அவர் கல்யாணத்துக்கு வந்தது. அதில் பெண்களுக்குச் சோறு போட்டு, குசினியில் அடுப்பை விட்டுத் தள்ளிப் பாய் விரித்து, நடுவில் வைத்திருந்தார்கள். சாப்பிட உட்காருவதற்கு முன் கை கழுவப் போயிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் பிள்ளைகள் பட்டாசுக் கட்டு ஒன்றைக் கொளுத்திவிட்டார்கள்.

நாய் வேலியை எப்படித் தாண்டியதோ தெரியாது. பின்வாசலால் குசினிக்குள் வந்து பாய்க்கு மேல் நின்றது. வெடிக்குப் பயந்துதான் வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் வந்த இடத்தில் மூக்குக்கு நேரே கோழிப் புரியாணி. பயம் எவ்வளவு நேரத்துக்கு நிற்கும்? ராத்தா போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லோரும் ஓடிப்போனபோது, சஹனில் பாதியைக் காணவில்லை. அன்றைக்கு எங்கள் பகுதியில் அதைப்போல யாரும் பெருநாள் கொண்டாடியிருக்க முடியாது.

நான் அதைக் கழுத்தில் பிடித்து வெளியே இழுத்தேன். மூக்கில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. வெட்கமே இல்லாமல் வாலை ஆட்டியது. பை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். இனி இந்த வீட்டில் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

மச்சானின் ராத்தா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். "மாமி, அத வீசிருங்க. இனி அதுல யாரு சாப்பிடுற? எங்கட வீட்டுல புதுசு ஒண்டு சும்மா ஈக்கிது, அனுப்பிடுறன்."

உம்மா சஹனைக் கையில் எடுத்திருந்தார். "கழுவினாப் போகும்ண்டுதானே மார்க்கத்துல கழுவச் சென்ன. வீசச் செல்லல்லையே, மகள்."

மிச்சச் சோற்றை என் பக்கம் நீட்டி, "இதையும் அதுக்கே போடு. பட்டது பட்டதுதான்" என்றார். பிறகு பின்வளவுக் குழாயடியில் பலகையைப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ராத்தா கழுவ வந்தாள், விடவில்லை. "எனக்குக் கணக்கு பிழைக்காது. நீ பேசிப் பேசிப் பிழைச்சிடுவ" என்றார். ராத்தாவின் மகள், பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகக் காத்திருக்கிற பிள்ளை, சிரட்டையில் மண் கொண்டுவந்து கொடுத்தாள். மண்ணைக் கரைத்து ஒரு தடவை, பிறகு சுத்தத் தண்ணீரால் ஒவ்வொரு தடவையாக. எல்லோரும் பசியோடு சுற்றி நின்று சேர்ந்து எண்ணினார்கள். மச்சானின் ராத்தாகூட மூக்கை மூடியபடியே எண்ணினார்.

ஐந்து முடிந்தபோது மச்சான் வந்தார். சிரட்டையைப் பார்த்தார்.

"மகள், மண் எங்க எடுத்த?"

"ஒங்கட ரோசாச் சாடியிலதான், வாப்பா. மெதுவா ஈந்திச்சி, அள்ள லேசு."

"மெதுவாத்தான் ஈக்கும். அதுல முந்தாநாள்தான் மாட்டுச் சாணி கலந்தன்!"

உம்மா குழாயை மூடினார். சாணியும் நஜீஸ்தான், கழுவ வேண்டிய அசுத்தம். நாயைக் கழுவப் போய் மாட்டைப் பூசியிருந்தோம்.

"சரி. இனி ஆட்டையும் கூட்டிட்டு வாங்க, அறுத்து ஹஜ்ஜுப் பெருநாளையும் சேத்தே முடிப்பம்" என்றார் உம்மா.

முதலில் சிரித்தது மச்சானின் ராத்தா. மூக்கிலிருந்த தலைப்பு நழுவிவிட்டது. பிறகு ராத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளை வெட்கத்தோடு சிரித்தாள். மச்சான், "என்ட ரோசாவ யாரு கிண்டச் சென்ன?" என்று கோபப்படப் பார்த்தார், முடியவில்லை. கராம்பு மரத்தடியில், உரம் எதுவும் படாத இடத்தில், நான் மண்ணைத் தோண்டிக் கொடுத்தேன். உம்மா முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை எண்ணும் சத்தம் முன்னறை வரை கேட்டது.

கழுவித் துடைத்த சஹன், பெரிய சட்டியிலிருந்த மிச்சச் சோற்றோடு மறுபடியும் பாயின் நடுவில் வந்தது. ஆனால் யாரும் உட்காரவில்லை. சட்டம் சுத்தம் என்று சொல்லிவிட்டது, வயிறுதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உம்மா தனியாக உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

"மகன், வா. இரி."

"நான் சாப்பிட்டுட்டன், உம்மா."

"திருப்பிச் சாப்பிடு. ஒன்ட ஆள்தானே நாலு பேருக்குப் பசி வெச்சிது."

உட்கார்ந்தேன். பிஸ்மில்லா சொல்லி உம்மா முதல் கவளத்தை எடுத்தார். பிள்ளை வந்து உட்கார்ந்தாள், பிறகு ராத்தா. மச்சானின் ராத்தா கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். உம்மா கோழிக்கால் ஒன்றை எடுத்து, ஆளில்லாத பக்கத்தில் வைத்துவிட்டுத் தன்பாட்டில் சாப்பிட்டார். அவர் வந்து அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பின்வாசலுக்கு நேரே நாய் தெரிந்தது. வயிறு நிறைந்து, மரத்தடியில் நீட்டிக் கிடந்தது. உம்மா அதைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

"அதுக்கெண்டு ஒரு பாத்திரம் ஈந்தா, அது ஏன் எங்கட பாத்திரத்துல வாய வெக்கிது?"

மச்சான் வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார். "மாமி, தோட்டத்துக்குக் காவலுக்கு நாய் வெச்சா குத்தமில்லண்டு செல்லுவாங்க. இந்தக் குரங்குத் தொல்லைக்கு..."

"நான் குரங்கப் பத்திக் கேக்கல்ல, மகன். பாத்திரத்தப் பத்திக் கேட்டன்."

மச்சான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. கைப்பிடி உடைந்த அலுமினியச் சட்டி ஒன்றோடு திரும்பி வந்து, என்னிடம் தராமல், நேரே வளவுக்குப் போய் ரோசாச் சாடிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வேலிக்கு உள்பக்கம். உம்மா அதையும் பார்த்தார். வேலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நல்ல இறைச்சித் துண்டை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

வட்டிலப்பம் தீர்ந்தது. நான் போகவில்லை.

மச்சான் கடையில் மிச்சமிருந்த தகரத்தால் மரத்தடியில் ஒரு கூரை போட்டுக் கொடுத்தார். ரோசாவுக்குத்தான் போட்டதாகச் சொல்வார், நாய் அதன் கீழே தற்செயலாகப் படுத்துக்கொள்கிறதாம். நான் காலையில் பஸ் ஏறி அக்குறணைக்குப் போகிறேன், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். மழை கனத்து ஆறு ரோட்டுக்கு வரும்போது மற்றவர்களோடு சேர்ந்து சாமான்களை மேல்தட்டுக்கு ஏற்றுகிறேன். பாரம் தூக்க வேண்டாம் என்றது அந்த நாட்களுக்குப் பொருந்தாது. எங்காவது கிளம்பச் சொல்லிக் கால் சில நாள் அரிக்கத்தான் செய்கிறது. தம்புள்ளை லொறியைக் கண்டால் அது கொஞ்ச தூரம் போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உம்மா இன்றுவரை நாயைத் தொட்டதில்லை. சோறு போடப் போகும்போது உடுப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொள்வார். அது துள்ளி வந்தால், "தள்ளி நில்லு, தொழப் போறன், வுளோடு ஈக்கிறன்" என்பார். அது தள்ளி நிற்கும். நான் சொன்னால் அப்படிக் கேட்பதில்லை.

இந்தப் பெருநாளுக்கும் பித்தளைச் சஹனைப் பாயில் வைத்தோம். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, கைகளும் கழுவியாயிற்று. வெளியே பிள்ளைகள் பட்டாசோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் சோற்றுக்குக் கை நீட்டினேன். உம்மா என் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மொதல்ல ஒன்ட ஆளுக்கு வெச்சிட்டு வா. திருப்பி ஏழு தரம் கழுவ என்ட முழங்காலுக்கு ஏலாது."

எழுந்து போனேன். சட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது. மேலே ஒரு கோழிக்கால்.

"உம்மா, யாரோ வெச்சீக்காங்க."

"அப்படியா?" என்றார் உம்மா. "அப்ப வந்து இரி."