எட்டு விநாடி இருட்டு

போன வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை ராத்திரி, கண்ணில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு இருமியபடி ஒரு தீம் பார்க்கிலிருந்து வெளியே வந்தேன். யாரும் அழவைக்கவில்லை. வாணவேடிக்கை பார்த்தேன். அவ்வளவுதான்.

குத்தாலத்தில் என் நாத்தனார் இருக்கிறார். அவருக்குக் கண் ஆபரேஷன். கூடமாட இருக்கலாமே என்று தஞ்சாவூரிலிருந்து நானும் வீட்டுக்காரரும் பத்து நாள் அங்கே போய்த் தங்கினோம். ஊருக்கு வெளியே, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, புதிதாக ஒரு தீம் பார்க் வந்திருக்கிறது. தண்ணீர்ச் சறுக்கு, ராட்டினம், பாப்கார்ன், சுடிதார் நனைந்தால் மாற்றிக்கொள்ள ரூம்... எல்லாம் உண்டு. சனிக்கிழமை மட்டும் ராத்திரி ஸ்பெஷலாக வாணவேடிக்கை. “நீங்க ரெண்டு பேரும் போய் பாத்துட்டு வாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருக்கேன்” என்றார் நாத்தனார். பார்க்கப் போனால், கொடுத்துவைத்தவர் அவர்தான்.

ஏழரைக்கு என்று போட்டிருந்தது. யாரோ ஒரு பிரமுகர் வரவேண்டுமாம். எட்டேகால் ஆனது. பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தார்கள். பிரமுகர் வந்தார், சால்வை வாங்கினார், போனார். உடனே டமார் டமார் என்று நாலு நிமிஷம் இடைவெளியே இல்லாமல் வெடித்தது. மைதானத்தின் ஃபிளட் லைட் ஒன்றைக்கூட அணைக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் மத்தாப்பு கொளுத்தியது மாதிரி, வானத்தில் ஏதோ நடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. நடுநடுவே மைக்கில் ஒருவர் — “வழியை மறிச்சு நிக்கிற வெள்ளை காரை உடனே எடுக்கவும்!”

அப்புறம் புகை. அது மேலே போகாமல் நேராக எங்கள் மேல் வந்து உட்கார்ந்தது. பிறகு ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. முடிந்துவிட்டதா? இன்னும் இருக்கிறதா? யாருக்கும் தெரியவில்லை. பாதிப் பேர் எழுந்து ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்குப் போய்விட்டோம். அப்போது முதுகுக்குப் பின்னால் ‘டொப்’ என்று ஒன்று வெடித்தது. அதுதான் கிராண்ட் ஃபினாலேயாம்!

“இதுக்கு நம்ம தெருவுல தீபாவளிக்கு மொட்டை மாடில நிக்கலாம்” என்றார் வீட்டுக்காரர்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதும் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டதே! முதல் வரியைக்கூட மனசுக்குள் எழுதிவிட்டேன். கிண்டல் செய்வது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

வெளியே வரும் வழியில், சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்த மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் தனியாக பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் வாக்கி டாக்கி. காலியாகிவிட்ட மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“நீங்க வாராவாரம் எழுதறவங்கதானே? போட்டோவுல பாத்திருக்கேன்.”

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாக.

“இதைப் பத்தி எழுதப் போறீங்களா?”

பொய் சொல்ல வரவில்லை. “எழுதலாம்னுதான்...”

“எழுதுங்க மேடம். எழுதாதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த சனிக்கிழமையும் ஒரு தடவ வந்து பாத்துட்டு எழுதுங்க. ஏன்னா அதுக்கடுத்த வாரம் ஷோவே இருக்காது போலருக்கு.”

அவர் பெயர் ஜெசிந்தா. அந்த ஷோவுக்குப் பொறுப்பு அவர்தான். தஞ்சாவூர்க்காரர்தான். சிங்கப்பூரில் ஒரு பெரிய பார்க்கில் ஒன்பது வருஷம் வேலை. ராத்திரி ஷோவின்போது கண்ணாடி ரூமில் உட்கார்ந்து, இன்ன விநாடிக்கு இன்ன பட்டன் என்று அமுக்க வேண்டும். “ஒம்பது வருஷமும் வேற யாரோ யோசிச்ச ஷோ மேடம். ஒண்ணாவது நானே யோசிச்சுப் பண்ணணும்னுதான் இங்க வந்தேன்” என்றார். வந்த இடத்தில் அவர் யோசித்ததை யாரும் கேட்கவில்லை. ஆனால் சொதப்பியதும் பழி மட்டும் அவர் தலையில். இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை. அதுவும் சரிவராவிட்டால் வாணவேடிக்கையை நிறுத்திவிட்டு ஆர்கெஸ்ட்ரா வைத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டாராம்.

முதல் வரியை மனசுக்குள்ளேயே அடித்துவிட்டேன்.

புதன்கிழமை பகலில், சும்மா ஒரு நடை போய்ப் பார்ப்போமே என்று பார்க்குக்குப் போனேன். முதலாளி சம்சுதீன் பாய்க்குச் சொந்த ஊர் முத்துப்பேட்டை. துபாயில் இருபது வருஷம் மளிகைக் கடை நடத்தியவர். கடையை விற்றுவிட்டு வந்து இந்த பார்க்கைக் கட்டியிருக்கிறார். நல்ல மனிதர். டீ சொன்னார். டீ வருவதற்குள், தோளில் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். சாக்கை மேஜை மேல் கவிழ்த்தார். கருகிய அட்டை, சணல், கம்பித் துண்டு — எல்லாம் சனிக்கிழமை வெடித்ததன் மிச்சம்.

“என்னாங்க இது?” என்றார் பாய்.

“அதைத்தான் நானும் கேக்கறேன். சேடை ஓட்டி, வயலைச் சேறாக்கித் தண்ணி கட்டி வெச்சிருக்கேன். வெள்ளிக்கெழம நடவு. நடவு ஆளுங்க கால்ல இந்தக் கம்பி ஏறுனா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?”

பார்க்கின் மேற்குச் சுவரை ஒட்டி வயல் வைத்திருக்கும் கோவிந்தராஜ் அவர். அவருடைய கோபம் நியாயமானது. பாய் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஆனால் அங்கேயே உட்கார்ந்திருந்த ஜெசிந்தா அந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணே, இதெல்லாம் எந்தப் பக்கம் கெடந்துச்சு?”

“எந்தப் பக்கம்னா? வயல் பூராவும்தான். சாயங்காலம் ஆனா கெழக்கேருந்து கடல்காத்து வருது. நீங்க கெழக்கால நின்னு விட்டா, புகை, குப்பை எல்லாம் மேக்கால எங்கிட்டதானே வரும்? இது கூடவா தெரியாது?”

ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிங்கப்பூர் கண்ணாடி ரூமில் காற்றைப் பார்த்துச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்திருக்கும். இங்கே அதைக் கேட்க வேண்டிய ஆளைக் கேட்காமல் விட்டோமே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் எங்களை எல்லாம் இழுத்துக்கொண்டு மேற்குச் சுவருக்குப் போனார்.

முழங்கால் உயரமே இருந்த அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கோவிந்தராஜின் வயல். நாற்று இன்னும் இறங்காத, தண்ணீர் மட்டும் நிற்கும் சேற்று வயல். இந்த வருஷம் ஆற்றில் நேரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. மேகம் ஒன்று அதில் மிதந்துகொண்டிருந்தது. வயலைத் தாண்டி ஒரு பொட்டல் திடல். கார் நிறுத்த என்று பாய் வாங்கிப் போட்டிருக்கும் இடம்.

“வாணத்தை அந்தத் திடல்லேருந்து விடுவோம். ஜனங்க இந்தச் சுவத்து ஓரமா, மேக்க பாத்து உக்காரட்டும். புகையும் குப்பையும் அந்தாண்ட போயிரும். நடுவுல இந்தத் தண்ணி... வானத்துல ஒண்ணு விட்டா கீழயும் ஒண்ணு வரும்!” — ஜெசிந்தாவுக்கு மூச்சு வாங்கியது. “ஆனா அண்ணே, நீங்க வெள்ளிக்கெழம நட்டுட்டீங்கன்னா...”

கோவிந்தராஜ் வயலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

“நாத்து ரெண்டு நாள் தாங்கும். ஞாயித்துக்கெழம நட்டுக்கறேன். வரப்புல ஒருத்தரும் கால் வெக்கக் கூடாது. அப்புறம்... நடவு ஆளுங்க பதினஞ்சு பேரு. சனிக்கெழம அவங்க எல்லாரையும் உள்ள விடணும். முன்னாடி உக்கார வெக்கணும்.”

“தாராளமா வரட்டும்!” என்றார் பாய். ஆனால் அவருக்கு வேறு கவலைகள் ஆரம்பித்தன. ஜெசிந்தா வாணங்களைப் பாதிக்குமேல் குறைக்கச் சொல்லிவிட்டார்.

“கொறச்சா ஜனங்க ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?”

“பாய், துபாய்ல உங்க கடைச் சாமான் பூராவையும் வாசல்லயே கொட்டி வெச்சீங்களா? ஒண்ணு ஒண்ணா அடுக்கித்தானே வெச்சீங்க?”

பாய் சிரித்துவிட்டார். ஆனால் கடைசிக்கு முன்னால் எட்டு விநாடி வெறும் இருட்டு, சத்தமே கிடையாது என்று சொன்னபோது சிரிப்பு போய்விட்டது. “டிக்கெட் எடுத்து வந்தவங்களுக்கு இருட்டைக் காட்டச் சொல்றீங்களாம்மா?”

“எட்டே விநாடி, பாய்.”

“நாலு வெச்சுக்கலாமே?”

“எட்டு.”

சனிக்கிழமை வந்தது. பிற்பகல் முழுக்க நான் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, மழை வரவில்லை. முன்வரிசையில் நடவுப் பெண்கள் பதினைந்து பேர், பளிச்சென்ற சேலையில், தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தராஜ் மட்டும் உட்காரவில்லை. வரப்பை யாராவது மிதிக்கிறார்களா என்று சுவர் ஓரமாக நடந்துகொண்டே இருந்தார். பிரமுகர் யாரும் இல்லை. மைக் எங்கே என்று தேடினேன். ஜெசிந்தாவின் ஹேண்ட்பேக்குக்குள் இருந்தது.

ஏழரை. சரியாக ஏழரை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இவ்வளவு இருட்டு நம் ஊரில் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. ஸ்பீக்கரில் தவில் மெதுவாக ஆரம்பித்தது. ஒரே ஒரு வாணம் கோடு கிழித்து மேலே போனது. அதே நேரம் வயல் தண்ணீருக்குள் இன்னொன்று ஆழத்துக்குப் போனது. மேலே சிவப்பாக ஒரு பூ விரிய, கீழேயும் ஒன்று விரிந்தது. “ஆத்தாடி!” என்றார் நடவுப் பெண்களில் ஒருவர். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் தவில் வேகம் பிடிக்க ஐந்தாறு. கண்ணுக்கு ஓய்வு, மறுபடி ஒன்று. புகை எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேற்கே போனது. திடீரென்று எல்லாம் நின்றது. தவிலும் நின்றது.

இருட்டு.

ஒரு விநாடி. இரண்டு. யாரோ விசில் அடித்தார். மூன்று. பாய் பதறிப்போய் வாக்கி டாக்கியில் “போடச் சொல்லுங்கம்மா, போடச் சொல்லுங்க!” என்றார். ஜெசிந்தா தன் வாக்கி டாக்கியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். வயலில் தவளைகள் கத்துவது கேட்டது. ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கும் ஒரு சத்தம் உண்டு, கேட்டிருக்கிறீர்களா? எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் செல்போனை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். மஸ்கட்டிலிருந்து புருஷன் லைனில் — வீடியோ இல்லை, வெறும் குரல்தான். “கட் ஆகலீங்க... இருங்க, இப்ப வரும்” என்று ரகசியமாகச் சொன்னார்.

வந்தது. திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தங்கமாக எழும்பியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. அப்புறம் பொன்னிழைகளாக மெல்ல மெல்ல இறங்கி, தண்ணீரிலிருந்து எழுந்த தன் நிழலோடு நடுவில் சேர்ந்து அணைந்தது. முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிஷம் யாரும் எழவில்லை. அப்புறம் கிளம்பியது பாருங்கள் கைத்தட்டல்! பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை புகையை அதற்குக் காரணம் சொல்ல முடியாது.

ஜெசிந்தா சேரில் பொத்தென்று உட்கார்ந்தார். கோவிந்தராஜ் வந்து, “நாளைக்கு நட்டாலும் நாத்து வளர்றவரைக்கும் தண்ணி தெரியும். ரெண்டு மூணு வாரம் ஓட்டலாம்” என்றார். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தேவைப்படவும் இல்லை.

அள்ளிக் கொட்டினால் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். கல்யாணச் சாப்பாடாகட்டும், மேடைப் பேச்சாகட்டும், வாராந்தரப் பத்தியாகட்டும்... சரி சரி, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எப்போது நிறுத்துவது, எங்கே காத்திருக்க வைப்பது — இதைத் தெரிந்தவர்கள் ரொம்பக் கம்மி.

எழுந்து கிளம்பும்போது, பக்கத்துப் பெண் இன்னும் போனில்தான் இருந்தார். அங்கே மஸ்கட்டில் அந்த மனிதருக்கு ஒரு பொறிகூடத் தெரிந்திருக்காதே, வெறும் டொப் டொப்தானே கேட்டிருக்கும்? “பாவம், என்னம்மா சொல்றார்?” என்று கேட்டேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு வெட்கத்தோடு சொன்னார்: “அடுத்த வாரம் எத்தனை மணிக்குன்னு கேக்கறாரு.”