முனிராஜ் அண்ணன் மாற்றிய படிக்கட்டு

முனிராஜ் அண்ணன் போய்விட்டார். காலையில் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்... மாரடைப்பாம்.

ஓசூர் டிசைன் ஆபீஸில் ஐந்து வருடம் என் பக்கத்து சீட். நான் டீம் லீட், அவர் டிராஃப்ட்ஸ்மேன். அவரிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஒரு பழைய சரக்குக் கப்பலை, லாரிகளோடு பயணிகளும் போகிற ஃபெர்ரியாக மாற்றும் வேலை வந்தது. கடலே இல்லாத ஊரில் கப்பல் டிசைன்... எங்களுக்கே சிரிப்புதான்.

பயணிகள் மேலே ஏறும் படிக்கட்டை, லாரிகள் நிற்கும் தளத்தின் நடுவில் வைத்திருந்தேன். அண்ணன் டிராயிங்கைப் பார்த்துவிட்டு, "சார், மூட்டையோட ஒரு பொம்பள வருது. லாரி ரிவர்ஸ் எடுத்தா அது எங்க ஒதுங்கும்?" என்றார்.

"அண்ணா, நீங்க கப்பல்ல ஏறியிருக்கீங்களா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்ல சார். ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு டெய்லி போறேன்."

மறுநாள் லஞ்ச் டைமில் பார்க்கிங்கில் சாக்பீஸால் அந்தத் தளத்தை நிஜ அளவுக்கே வரைந்துவிட்டார்! தன் மச்சானின் தக்காளி வண்டியை ரிவர்ஸில் வரச் சொல்லி, எங்கள் கையில் ஆளுக்கொரு பையைக் கொடுத்து நடக்கவிட்டார்.

வண்டி என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மச்சானைத் தெலுங்கில் திட்டிக்கொண்டே என்னைப் பிடித்து இழுத்தார்.

படிக்கட்டை ஓரத்துக்கு மாற்றினேன். கஸ்டமருக்குப் போன மெயிலில் அது எனக்குத் தோன்றியதாக எழுதினேன். அவர் பெயரைப் போட்டிருக்கலாம்... போடவில்லை.

முதல் பயணத்துக்கு, அந்த யோசனையைச் சொன்னவரை வரச் சொல்லி அழைத்தார்கள். நான் போனேன்.

திரும்பி வந்த அன்று அண்ணன் கேட்டார், "படி சரியா இருந்துச்சா சார்? பொம்பளைங்க பயமில்லாம ஏறுனாங்களா?"

ஏறினார்கள் என்றேன். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. அன்றைக்கு டீயும் பன்னும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்... வெட்கமாக இருக்கிறது.

இன்று அண்ணியிடம் போனில் பேசினேன். பெயரைச் சொன்னதும், "கப்பல் சாருங்களா? உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லீங்க" என்று அழுதார்.

"அந்தக் கப்பல்ல படிய மாத்துனது அண்ணன்தாங்க" என்றேன்.

"அப்படி அவரு ஒருநாளும் சொல்லலீங்களே சார்" என்றார்.

போய் வாங்க அண்ணா. அந்த முதல் பயணத்து அழைப்பு உங்களுக்கு வந்ததுதான்.