சூட்டுப் பாயும் ஆட்டுக் கம்பளியும்

பாம்புக்குக் கம்பளி போர்த்திய மிலுதினை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அவன் என் எதிர்வீட்டுத் தெசாங்காவின் அண்ணன். தெசாங்கா பெல்கிரேடில் டிராம் ஓட்டுகிறவள். வாய் நீளம். பயணிகளைத் திட்டுவாள், தண்டவாளத்தில் கார் நிறுத்துகிறவர்களின் ஏழு தலைமுறையைத் திட்டுவாள். கட்டியவனைத் துரத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அவனுக்கு எதையும் பத்து தடவை சொல்லணும். இதுக்கு ஒண்ணுமே சொல்ல வேணாம்" என்று கண்ணாடிப் பெட்டியைக் காட்டுவாள். உள்ளே ஒரு மலைப்பாம்பு சுருண்டிருக்கும். பெயர் ஸ்ட்ரினா, அதாவது சித்தி. தின்றுவிட்டு வாரக்கணக்கில் படுத்தே கிடப்பதால் அந்தப் பெயர். அவள் சித்தியும் அப்படித்தானாம்.

அந்த நீளவாய்க்காரி பெட்டியின் சூட்டு விஷயத்தில் மட்டும் நிதானமானவள். ஒரு பக்கம் அடியில் சூட்டுப் பாய், மறுபக்கம் குளிர்ச்சி, பக்கத்துக்கொரு வெப்பமானி. பாய் அளவுக்கு மேல் சுடாமல் பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு சின்னக் கருவி.

"அதுக்குச் சொந்தச் சூடு கிடையாதுக்கா. நாம குடுத்தாத்தான் தின்னது செரிக்கும்" என்பாள்.

அக்டோபர் தொடக்கத்தில் பித்தப்பைக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களை நகராட்சி இன்னும் திறக்கவில்லை. சுவரெல்லாம் ஐஸ். சாவியை என்னிடம் கொடு என்றேன். கூடப்பிறந்தவன் இருக்கையில் அக்கம்பக்கத்தில் கொடுத்தால் அவன் கோபித்துக்கொள்வான் என்று அவனிடமே கொடுத்தாள். பிளக்கைத் தொடாதே என்று ஒன்றுதான் சொன்னாள்.

மிலுதின் வந்ததும் முதலில் பிளக்கைத்தான் பிடுங்கினான். ஆளில்லாத வீட்டில் கரண்டு ஓடக்கூடாதாம். பிறகு இரக்கம் வந்து, பெட்டியைத் திறந்து ஆட்டு ரோமக் கம்பளியைப் போர்த்தினான். காற்றடிக்கக் கூடாதென்று ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தான். சூடே இல்லாத உடம்பைப் போர்த்தினால் உள்ளே குளிர்தான் பத்திரமாக இருக்கும். இது அந்த மரமண்டைக்கு ஏறவில்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவன் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது சித்தி விறைத்துக் கிடந்தது. அப்போதாவது என் கதவைத் தட்டினானா? இல்லை. இந்த ஊரில் காய்ச்சல், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதானே. பிளம் பழச் சாராயத்தை எடுத்துத் தலை முதல் வால் வரை தேய்த்தான். சூட்டுப் பாயைக் கருவியிலிருந்து கழற்றி நேரே சுவர் சாக்கெட்டில் சொருகினான். சீக்கிரம் சூடேறட்டும் என்று பாம்பை அதன்மேலேயே கிடத்தி, கம்பளியை மூடினான். அதன் பிறகுதான் என் கதவைத் தட்டினான்.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன். அதுக்கு உடம்பு சரியில்ல போலருக்கு."

போய்ப் பார்த்தேன். வீடு முழுக்கச் சாராய நெடி. பிளக்கைப் பிடுங்கிக் கம்பளியை விலக்கினேன். அடிவயிறு நெடுகக் கொப்புளம்.

"நீ மனுஷனாடா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

இந்த நல்லதுக்குத்தானே என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் எதிரில் வந்தால் செருப்பால் அடிப்பேன். நான் கூப்பிட்டு வந்த கால்நடை மருத்துவர் கொப்புளத்துக்குக் களிம்பு கொடுத்து, மெல்ல மெல்லத்தான் சூடேற்ற வேண்டும், பிழைப்பது அதன் கையில் என்றார்.

மறுநாள் தெசாங்கா வீடு திரும்பினாள். நடந்ததைச் சொன்னேன். ஒரு வசவுகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கருவியைச் சிறிது சிறிதாகத் திருகினாள். மிலுதின் சமையலறை வாசலில் நின்றான்.

சாயங்காலம் பாம்பு தலையைத் தூக்கியது. நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது.

"பாத்தியா, பொழச்சுக்கிச்சு. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு" என்றான் மிலுதின்.

தெசாங்கா திரும்பவில்லை.

"சாவிய மேசையில வெச்சுட்டுப் போ."

"ஒரு பாம்புக்காகவா? நான் உன் அண்ணன்டி."

"எனக்கும் வயித்துல புண்ணு, இதுக்கும் வயித்துல புண்ணு. என் வயித்தக் கிழிச்சவருக்கு என்ன செய்யறோம்னு தெரிஞ்சிருந்துச்சு."

அவன் சாவியை வைத்தான். அவள் அதை எடுத்து, பார்க்காமலே பின்பக்கமாக என்னிடம் நீட்டினாள்.