ராகிக்கு ஒரு சுரங்கம்

தொண்ணூறுகளில் ஜீவனஹள்ளியில் பி.யூ.சி. முடித்த பிள்ளைகளெல்லாம் கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஓடினார்கள். நான் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் வாசலில் ஒரு துளசித் தொட்டி வைத்தால் சந்தில் ஆட்டோ திரும்பாது. அப்படிப்பட்ட பரம்பரை நிலச்சுவான்தார் குடும்பம்! "ஏம்மா, பஸ்ல கலப்பைய ஏத்த கண்டக்டர் உடுவாரா?" என்று எதிர்வீட்டு அக்கா ரொம்ப அக்கறையாக விசாரித்தார்.

அப்பாவுக்கு மட்டும் பெருமை பிடிபடவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இங்கே ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தார். மகள் விவசாய ஆபீசராகப் போகிறாள் என்று அந்த கேட்டைத் தாண்டிய அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது.

கல்லூரியில் ஆளுக்கொரு பாத்தி. ராகி விளைவித்துக் காட்டினால்தான் பாஸ். நான் மண்வெட்டி பிடிக்கும் அழகைக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவே வந்துவிட்டார்.

"அகல உழறதவிட ஆழ உழுன்னு சும்மாவா சொன்னாங்க? தள்ளிக்கோ."

மண் தோண்டுவதில் அவருக்கு யார் பாடம் எடுப்பது? முழங்கால் ஆழத்துக்குக் கொத்தினார். கடுகளவு ராகியைச் சாண் ஆழத்தில் போட்டு மூடி, கெட்டியாக மிதித்தும் விட்டார். நானும் பக்கத்தில் நின்று பாராட்டினேன். எவ்வளவு ஆழத்தில் விதைக்க வேண்டும் என்கிற பாடம் அடுத்த வாரம்தான் நடந்தது.

மற்றவர்களின் பாத்திகள் பச்சை பிடித்தன. என்னுடையது தார் ரோடு மாதிரி கிடந்தது. பேராசிரியர் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, ராகி போட்டாயா, தங்கம் தேடினாயா என்று கன்னடத்தில் கேட்டார். மறுபடி விதைக்க ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார். அதிலும் கோட்டை விட்டால் ஃபெயில்.

"மொளச்சிச்சாம்மா?" என்று அப்பா தினமும் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"குருவிங்க தின்னுடிச்சிப்பா" என்றேன்.

அடுத்த ஞாயிறு, குருவி விரட்டுவதற்காகக் காலி எண்ணெய் டின்னும் குச்சியுமாக வந்து நின்றார். நான் விரலால் மண்ணைக் கீறி, ராகியைத் தூவி, லேசாக மூடிக்கொண்டிருந்தேன். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ மேலயா போடணும்?"

"ஆமாப்பா."

"அப்போ குருவிங்க ஒண்ணும் தின்னல."

அவர் வரப்பில் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு குருவிகூட வரவில்லை. சாயங்காலம் வரை தட்டிக்கொண்டே இருந்தார்.