வெர்லின் தொடாத கணக்கு

என் அக்கா லொரேட்டாவைக் கட்டிக்கொண்ட வெர்லின், ஓஹையோவில் எங்கள் ஊர் டிராக்டர் கடையில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிறவன். குடிக்கமாட்டான், சூதாடமாட்டான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவான். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

கடையில் கொடுத்த இன்சூரன்ஸ் பெயருக்குத்தான் இன்சூரன்ஸ். வருடத்தில் முதல் ஏழாயிரம் டாலர் மருத்துவச் செலவை நாம் கட்டித் தீர்த்த பிறகுதான் இன்சூரன்ஸ் கம்பெனி பையை அவிழ்க்கும்; ஜனவரி பிறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அந்தச் செலவுக்கென்று சம்பளத்தில் வரி பிடிக்காமல் ஒரு சேமிப்புக் கணக்கு உண்டு. மற்றவர்கள் பல் பிடுங்கவும் கண்ணாடி வாங்கவும் அதிலிருந்து எடுப்பார்கள். வெர்லின் எடுக்கமாட்டான். பணத்தைப் பங்குச் சந்தையில் போட்டுவிட்டு, அடைக்கோழி மாதிரி அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

"போடும்போது வரி இல்ல, வளரும்போது வரி இல்ல, வைத்தியத்துக்கு எடுத்தாலும் வரி இல்ல. இந்த நாட்டுல இப்படி வேற எதையாவது காட்டு பார்ப்போம்" என்று சாப்பாட்டு மேசையில் ஆரம்பிப்பான். போனில் தொகையைத் தேடி எடுத்து மூக்குக்கு நேராக நீட்டுவான். பெற்ற பிள்ளையின் படத்தைக்கூட அவன் அப்படிக் காட்டியதில்லை.

"அப்ப வைத்தியத்துக்கு எடேன்" என்பேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்பான்.

நவம்பரில் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது. சீக்கிரம் எடுத்துவிடச் சொன்னார் டாக்டர். வெர்லின் காலண்டரைப் பார்த்தான்.

"இப்ப செஞ்சா ஏழாயிரம் போயிடும். ஜனவரில திரும்ப முதல்லேருந்து. ஜனவரிலயே செஞ்சா அதே ஏழாயிரத்துக்கு வருஷம் பூரா ஓசி. என் முழங்காலையும் சேத்துப் பாத்துக்கலாம்."

"வலிக்குது வெர்லின்."

"எண்ணெய் வெண்ணெயைக் குறைச்சுக்கோ. கல்லு எங்க ஓடிடப் போகுது?"

எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படி நோய்க்கு நாள் பார்க்கிறவர்கள்தான். இல்லாதவர்கள் பார்க்கட்டும், அது வேறு. அந்தக் கணக்கில் ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் வைத்துக்கொண்டு பெண்டாட்டியை வலியில் நெளியவிட்ட ஜென்மம் நான் பார்த்ததில் இவன் ஒருவன்தான். தேங்க்ஸ்கிவிங் விருந்தில் எல்லோரும் வான்கோழியை வெட்டிக்கொண்டிருக்க, அக்கா வெந்த உருளைக்கிழங்கைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு தாங்கறா பாரு" என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டான். கையிலிருந்த குழம்பை அவன் தலையில் கொட்டலாமா என்று இருந்தது. அக்கா வேண்டாம் என்று கண் காட்டினாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே எனக்குப் போன் செய்தாள். நான்தான் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பித்தப்பை அழுகி, விஷம் ரத்தத்தில் ஏற ஆரம்பித்திருந்தது. கடையிலிருந்து வந்த வெர்லின் சர்ஜனிடம் கேட்ட முதல் கேள்வி இது:

"புது வருஷம் வரைக்கும் மருந்துலயே ஓட்டிட முடியாதா டாக்டர்?"

"அதுவரைக்கும் இவங்க இருக்கணுமே" என்றார் அவர்.

அக்கா பக்கத்திலேயே கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தாள்.

அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஜனவரியிலும் அங்கேயே கிடக்க நேர்ந்ததால், போன வருடத்து ஏழாயிரம், இந்த வருடத்து ஏழாயிரம், இரண்டும் அவன் தலையில் விழுந்தன. வராந்தாவில் உட்கார்ந்து இழவு விழுந்த மாதிரி புலம்பினான். எனக்கு இரக்கம் வரவில்லை. வயிறு குளிர்ந்தது என்றே சொல்வேன்.

உடம்பு தேறியதும் அக்கா விவாகரத்துக் கேட்டாள். வெர்லின் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வக்கீல் அறையில், சேமிப்புக் கணக்கில் பாதி அக்காவுக்கு என்றதும்தான் அவன் முகம் வெளிறியது.

"அதை மாத்தினா வரி பிடிப்பாங்களா?"

"விவாகரத்துல மனைவி பேருக்கு மாத்தினா வரி கிடையாது சார்."

வெர்லின் நாற்காலியில் சாய்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆபரேஷன் முடிஞ்சு நான் கண்ணு முழிச்சப்பகூட நீ இப்படி ஒரு மூச்சு விடல வெர்லின்" என்றாள்.