மனாங் மினிங் ஊருக்கு ஆள் சேர்த்த கதை

சான் டெல்மோ நகராட்சி அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை ஹெர்மீனியாவுடையது. அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரியாது. மனாங் மினிங் என்றால்தான் தெரியும். மனாங் என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா.

ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி, தங்கைகள் ஒவ்வொருவராகக் கனடாவுக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். அப்பா கட்டிய மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் அவரும் இரண்டு பூனைகளும் மட்டும் இருந்தார்கள். மாடி பூட்டியே கிடந்தது. ஆனால் அவர் அலுவலகத்தில் பேசினால் குரல் மீன் சந்தைவரை கேட்கும்.

எங்கள் மேயருக்கு ஒரு கவலை இருந்தது. ஊரில் படித்து முடிக்கிற பிள்ளைகள் எல்லாரும் இலோயிலோவுக்கும் மணிலாவுக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள், வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களும் நிலைப்பதில்லை. கடற்கரையோரம் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு பெரிய கூடம் கட்டினார். வேகமான இணையம், ஏசி, வரிசையாக மேசைகள். கம்ப்யூட்டரில் வேலை செய்கிற இளைஞர்கள் வந்து குவிவார்கள் என்று நம்பினார். வருகிறவர்களை வரவேற்றுக் குடியமர்த்தும் பொறுப்பை மினிங்கிடம் கொடுத்தார்.

"என்னை ஏன்?" என்று என்னிடம் கேட்டார் மினிங்.

"உங்க சத்தத்துக்கு பயந்தாவது யாரும் ஓடிப்போக மாட்டாங்கன்னு நினைச்சிருப்பார்," என்றேன்.

முதலில் வந்தவன் ரொம்மெல், கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்த கணக்காளன். பஸ் நின்ற இடத்துக்கே பள்ளிக்கூட பேண்டு வாத்தியத்தை அழைத்துப் போய் அவனை வரவேற்றார் மினிங். நல்ல அறை, ஜன்னலில் கடல். அவன் வருஷம் முடிவதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டான். மினிங் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். எனக்கும் மனம் கேட்கவில்லை, கூடவே போனேன்.

"என்ன குறை வச்சோம், சொல்லிட்டுப் போ," என்றார்.

"ஒரு குறையும் இல்ல மனாங். எல்லாரும் ரொம்ப மரியாதையா இருந்தாங்க."

"அப்புறம் என்ன?"

அவன் பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றான். "அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடினா இந்த ஊர்ல என்கிட்ட பேச ஆளே இல்ல. ஞாயித்துக்கிழமை ஒவ்வொரு வீட்லயும் சிரிப்புச் சத்தம் கேக்கும். நான் நடந்து போனா 'குட் ஆஃப்டர்நூன் சார்'னு எழுந்து நிப்பாங்க. நான் தாண்டிப் போனதும் திரும்ப சிரிப்பாங்க."

பஸ் போய்விட்டது. திரும்பும் வழியில், இனி யாருக்கும் பேண்டு வாத்தியம் கிடையாது என்றார் மினிங்.

அடுத்து வந்தவள் ரோஷெல், சுகாதார நிலையத்துக்குப் பல் மருத்துவராக நியமனம் ஆனவள். இந்த முறை பேண்டு வாத்தியம் இல்லை. ஆனால் வேறு சிக்கல் வந்தது. தனியாக வந்திருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. யார் யாரோ வந்துபோவார்கள் என்றார்கள் சிலர். டாக்டர் தங்குகிற மாதிரியா எங்கள் வீடு இருக்கிறது என்று கூச்சப்பட்டார்கள் மற்றவர்கள். கடைசியில் மினிங் தன் மாடியைத் திறந்து, ஒட்டடை அடித்து, அவளைக் குடிவைத்தார். "சத்தம் மட்டும் ஆகாது, எனக்குத் தலைவலி," என்றார். பூனைகள்கூட அவரை நம்பியிருக்காது.

ரோஷெல் சந்தைக்குப் போனால் நல்ல மீனாகப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பார்கள். டாக்டரை 'டாக்' என்று சுருக்கி, "வாங்க டாக், போயிட்டு வாங்க டாக்," அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிடும். திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பாள். கீழே இருந்து அதைப் பார்த்த மினிங்குக்கு ரொம்மெலின் முகம் நினைவு வந்தது.

"இவளும் பெட்டி கட்டத்தான் போறா," என்று என்னிடம் சொன்னார்.

கோடையில் எங்கள் ஊரில் பெண்களுக்கு வாலிபால் போட்டி நடக்கும். மீன் சந்தை அணியின் நல்ல ஆட்டக்காரி வீட்டு வேலைக்கு ஹாங்காங் போய்விட்டாள். அணித்தலைவி பெபிங் ஆள் தேடிக்கொண்டிருந்தாள். மினிங் மாடிப்படி ஏறினார்.

"பந்து விளையாடுவியா?"

"காலேஜ் டீம்ல இருந்தேன் மனாங்."

"நல்லதாப் போச்சு."

"பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்."

"பரவால்ல, இங்க பெஞ்சே கிடையாது. வா."

பெபிங்குக்கு இது பிடிக்கவில்லை. மினிங்கைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள்: "டாக்டரைத் திட்ட முடியாது மனாங். திட்டாம எனக்கு ஆட்டமே வராது."

"திட்டு. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

முதல் நாள் பந்து ரோஷெலின் மூக்கில் வந்து மோதியது. "மன்னிச்சிருங்க டாக், மன்னிச்சிருங்க டாக்" என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி ஐஸ் கொண்டுவர ஓடினாள், மீன் பெட்டியிலிருந்துதான். அதை மூக்கில் வைத்துக்கொண்டு ரோஷெல் சொன்னாள், "மூக்கு உடையல, ஆனா இன்னும் ஒரு வாரம் கெளுத்தி மீன் வாசம் போகாது." பெபிங் முதலில் அவளைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த பந்தையும் ரோஷெல் விட்டாள். பெபிங்கின் பழைய குரல் வந்துவிட்டது. "இன்டாய், அது பந்து, பேய் இல்ல. கண்ணைத் திறந்து ஆடு."

வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி அவளை இன்டாய் என்று ஊரில் ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

செய்தி மேயரின் காதுக்குப் போயிற்று. மினிங்கை உள்ளே அழைத்தார். கதவு மூடியிருந்தும் எனக்கு எல்லாம் கேட்டது.

"படிச்ச பொண்ணை மீன்காரம்மாங்க வாய்க்கு வந்தபடி திட்டுறாங்களாமே. அவளும் போயிட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

"அவ போனா நானும் வேலையை விட்டுட்டுப் போறேன் மேயர்."

"நீங்க போனா ஊர் அமைதியாயிடும். டாக்டர் போனா பல்லுவலி வந்துரும்."

இறுதி ஆட்டம் ஆசிரியைகள் அணியோடு. கடைசிப் புள்ளிக்கு ரோஷெல் அடித்த பந்து வலையில் போய் விழுந்தது. கோப்பை போயிற்று. மறுநாள் சந்தையில் அவள் நடந்துபோன வழியெல்லாம் கேலி. "பல்லைப் பிடுங்கத் தெரியுது, பந்தைத் தூக்கத் தெரியல," என்றாள் போன வாரம்தான் அவளிடம் பல் பிடுங்கிக்கொண்ட இறால்காரி. "வலை எங்களுக்கு மீன் பிடிக்க, உனக்கு பந்து பிடிக்கவா இன்டாய்?" என்றாள் இன்னொருத்தி. ரோஷெல் தலையைக் குனிந்தபடி மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், பையோடு இலோயிலோ பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மினிங் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. "என்னாலதான்," என்றார். "திட்டச் சொன்னதே நான்தான்." பெபிங் ஒரு கூடை மீனோடு அலுவலகத்துக்கே வந்து நின்றாள். "கொஞ்சம் அதிகமாப் பேசிட்டோமோ மனாங்? நாங்க எங்க பொண்ணுங்களைப் பேசுற மாதிரிதானே பேசினோம்." மேயர் அந்தப் பக்கமாக வந்தார். இருவரையும் பார்த்தார். அப்படியே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு மினிங் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பஸ்ஸிலிருந்து ரோஷெல் இறங்கினாள். பின்னால் இரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி. ஒருத்தி தென்னைமரம் மாதிரி உயரம்.

"இவ கிம்பர்லி. காலேஜ் டீம்ல நிஜமாவே ஆடினவ," என்றாள் ரோஷெல். "இவ ஏஞ்சலி. ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர்லதான் வேலை, எங்க இருந்து பார்த்தாலும் ஒண்ணுதான். நகரத்துல நெரிசல், புழுக்கம்னு தினமும் புலம்பிட்டு இருந்தாங்க. அடுத்த வருஷம் டீச்சருங்களை ஒரு கை பார்க்கணும், வாங்கடின்னு கூட்டிட்டு வந்தேன்."

"ஏன்டி, சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்றார் மினிங்.

"சொல்லியிருந்தா பேண்டு வாத்தியத்தோட வந்து நின்னிருப்பீங்க மனாங். ரொம்மெல் கதையைச் சந்தையிலேயே கேட்டுட்டேன்."

பெபிங் கிம்பர்லியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். "திட்டினா அழுவாளா?"

"திருப்பித் திட்டுவா," என்றாள் ரோஷெல்.

"அப்ப சரி."

மேயரின் கண்ணாடிக் கூடத்தில் முதல்முறையாக ஆட்கள் உட்கார்ந்தார்கள். அந்த இணையம் இல்லாவிட்டால் கிம்பர்லியும் ஏஞ்சலியும் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்தில் மேயர் தன் கூடத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். மினிங் கைதட்டினார்.

அடுத்த வருஷமும் ஆசிரியைகள்தான் ஜெயித்தார்கள். அதற்கடுத்த வருஷம்தான் கோப்பை சந்தைக்கு வந்தது. ஏஞ்சலி அதற்குள் கல்யாணமாகி செபுவுக்குப் போய்விட்டாள். எல்லாரும் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. ரோஷெல் நின்றாள். சுகாதார நிலையத்து வேலைக்காலம் முடிந்ததும் சந்தைக்கு எதிரில் சொந்தமாகச் சிகிச்சையகம் திறந்தாள். தனியாக வருகிறவர்களுக்கு அறை கொடுக்க ஊரில் இப்போது யாரும் தயங்குவதில்லை. பெபிங்கின் வீட்டிலேயே ஒரு செவிலியும் ஒரு பள்ளி ஆசிரியனும் குடியிருக்கிறார்கள். மினிங்கின் மாடியில் எப்போது பார்த்தாலும் காலடிச் சத்தம், பாட்டு, வெங்காயம் வதங்குகிற வாசம். காலையில் அலுவலகம் வந்ததும் அதைப் பற்றி என்னிடம் புகார் சொல்வார். "வேற வீடு பார்த்துக்கச் சொல்லுங்களேன்," என்றால் முறைப்பார்.

போன மாதம் நீர்ப்பாசன வேலைக்கு ஓர் இளம் பொறியாளன் வந்திருக்கிறான். தரையைப் பார்த்துப் பேசுகிற பையன். மினிங் அவனை எதிரில் உட்காரவைத்தார்.

"என்ன விளையாடுவே?"

"எதுவும் வராது மேடம்."

"மனாங்னு சொல்லு. பாடுவியா?"

"இல்ல மனாங்."

"சமையல்?"

"முட்டை வேகவைப்பேன்."

மினிங் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "சரி. ஞாயித்துக்கிழமை ஒரு ஞானஸ்நான விருந்து இருக்கு. நாற்காலி போட ஆள் வேணும். வந்துரு."

வந்தான். நானும் அங்கே இருந்தேன். அவன் முதல் வரிசையைப் போட்டு முடிப்பதற்குள் பந்தலின் அந்தக் கோடியிலிருந்து பெபிங்கின் குரல் கேட்டது, வரிசை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகிறதென்று. பையன் நிமிர்ந்து பார்த்தான். சிரித்துக்கொண்டே திரும்ப முதலிலிருந்து அடுக்கத் தொடங்கினான்.