விரத வீட்டு ஃப்ரீசர்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்பதை அம்மாதான் முடிவு செய்வார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு கப்பல் சரக்கையே சிந்தாமல் சிதறாமல் இறக்கிவைக்கத் தெரிந்த மனிதர், ஒரு தர்பூசணித் துண்டை ஃப்ரிட்ஜில் வைக்க அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அம்மாவின் சட்டங்கள் எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கறிவேப்பிலையைப் பேப்பரில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். தோசை மாவு வெளியே பொங்கிய பிறகுதான் உள்ளே வரலாம். வாழைப்பழம் கறுத்துவிடும், ஆகவே வேண்டாம். இறால் விழுது வாடை வீசும் பெலாச்சான் சம்பல், பிளாஸ்டிக் பைக்கு மேல் பை போட்டுக் கட்டி, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்தால் மட்டும் அனுமதி. எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. டுரியானுக்கு எத்தனை பை போட்டாலும் இடம் கிடையாது. அப்பா ஒருமுறை பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய டுரியான் சுளைகளைத் தயிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். மறுநாள் வெண்ணெய் முதல் ஐஸ்கட்டி வரை எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறியிருந்தது. அந்த வாரம் முழுக்க அவருக்கு வெறும் ரசமும் அப்பளமும்தான் கிடைத்தது.

இப்படிப்பட்ட ராஜ்ஜியத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஆட்சி மாறும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதற்காக அப்பா விரதம் தொடங்கும் நாள் அது. அன்றைக்கு முன்தினம் ஃப்ரீசரில் இருக்கும் கோழி, மீன், ஆட்டிறைச்சி எல்லாம் வெளியேறிவிடவேண்டும். தூக்கிப்போட அம்மாவுக்கு மனம் வராது. ஆகவே அவை பக்கத்து வீட்டு மக்சிக்கின் ஃப்ரீசருக்குக் குடிபோகும். கிள்ளானில் எங்கள் ஃபிளாட்டின் அதே மாடியில் இருந்த மலாய்க்கார அம்மா அவர். தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது என் வேலை. வாங்கி வைத்துக்கொண்டு, "சாமி லீவு விட்டதும் வந்து எடுத்துக்கோ" என்று மலாயில் கேலி செய்வார். இங்கே அம்மா ஃப்ரிட்ஜின் உள்ளும் புறமும் மஞ்சள் தண்ணீரால் துடைத்து, கதவில் திருநீறு பூசி, அதையும் விரதத்தில் சேர்த்துவிடுவார்.

நான் மூன்றாம் ஆண்டு முடித்துப் பள்ளி விடுமுறையில் இருந்த சமயம். அப்பாவின் விரதம் பாதி கடந்திருந்தபோது சித்திக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. சித்தி அம்மாவின் தங்கை. ரவாங்கிலிருந்து எங்களைப் பார்க்க வந்த இடத்தில் ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், எடை ஏறினால்தான் வீட்டுக்கு விடுவார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். எடை ஏறுவதில் என்ன கஷ்டம், எனக்குச் சும்மா இருந்தாலே ஏறுகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாளில் சித்தியை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய்ப்பால் கொடுத்தால் பிள்ளை தேறும், வேறு எதுவும் அந்த வயிற்றுக்கு இப்போது ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே சித்தி எங்கள் வீட்டு உள் அறையில் தங்கினார். ஒரு சின்ன மெஷினை வைத்துக்கொண்டு வேளை தவறாமல் பாலெடுப்பார். புதிதாக எடுத்த பால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும். மிஞ்சியதைச் சிறு பைகளில் ஊற்றி, தேதி எழுதி, ஃப்ரீசரில் வைப்பார்கள். கோழி காலி செய்த இடத்தில் பால் குடியேறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, கேரித் தீவுத் தோட்டத்தில் இருந்தவர். விரத காலத்தில் தம்பி ஒழுங்காக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவதற்கென்றே பஸ் ஏறி வருவார். அவர் வந்தால் அம்மாவே குரலைத் தாழ்த்திக்கொள்வார். வெயிலில் வந்த களைப்பில் ஐஸ்கட்டி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்னாது?"

"சித்தியோட பால் அத்தை" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

அத்தை கதவைச் சாத்தினார். கத்தவில்லை. அத்தை கத்தாதபோதுதான் பயப்படவேண்டும்.

"விரத வீட்டு ஐஸ்பெட்டில இதயா வைப்பாங்க? பிள்ள பெத்து இன்னும் முப்பது கழியல. தீட்டு வீட்டுல இருந்துகிட்டு நீ எப்புடிப்பா சாமிக்குப் பால்குடம் தூக்குவ?"

உள் அறையில் மெஷின் சத்தம் நின்றது. சற்று நேரத்தில் சித்தி கதவோரம் வந்து நின்றார். "நான் ரவாங்குக்கே போயிடுறேன்க்கா. அவர வரச் சொல்லு" என்றார் அம்மாவிடம். ரவாங் எங்கே, கிள்ளான் எங்கே. அங்கே போய்விட்டால் வேளைக்கு வேளை பால் எப்படி வந்து சேரும்? அம்மா அத்தையையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். எது உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்று எப்போதும் சொல்லத் தெரிந்தவர் அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கோ வேறு ஒரு சந்தேகம். அதை அப்போது கேட்டுவிடுவதுதான் நல்லது என்று பட்டது.

"அப்பா, அது சைவமா அசைவமா?"

அப்பா பால் ஊற்றாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். அக்காவை எதிர்த்துப் பேசி அவரை யாரும் பார்த்ததில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நீ வாய்ல வெச்ச மொத சைவமே அதாம்மா" என்றார். பிறகு அத்தையிடம் திரும்பினார்.

"அக்கா, முருகன் யாருகிட்ட பால் குடிச்சாரு?"

"இது என்னப்பா கேள்வி? கார்த்திகப் பொண்ணுங்க ஆறு பேருகிட்ட."

"பெத்தவ பக்கத்துல இல்லாத பிள்ளன்னுதான அவங்க குடுத்தாங்க. நம்ம பிள்ளைக்கிப் பெத்தவளே இருக்கா. அந்தப் பால வெளிய தள்ளிட்டு நான் எந்த முகத்தோட மலைக்கிப் பால் கொண்டு போறது?"

அத்தை சாமி மேடையிலிருந்து திருநீறு எடுத்துவரச் சொன்னார். தான் செய்ய நினைத்ததையே தம்பி சொல்லிவிட்டதைப் போன்ற முகத்தோடு, ஃப்ரீசர் கதவில் ஏற்கனவே இருந்த பட்டைக்கு மேல் இன்னொரு பட்டை போட்டார். "இனிமே இத சும்மா சும்மா தெறக்கக் கூடாது. சொல்லிட்டேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஐஸ் தண்ணீர் கேட்கவே இல்லை. வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அத்தை எனக்கு முதன்முதலாகப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு எனக்கு உத்தியோகம் கிடைத்தது. பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால் என்று பைகளை அடுக்குவது என் பொறுப்பு. நான் அதை வெறுமனே செய்யவில்லை, காதலித்துச் செய்தேன். பைகளைத் தட்டையாக உறையவைத்து, பிறகு புத்தகங்களைப் போல நிறுத்திவைத்தால் நிறையப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தவள் நான்தான். ஒரு தட்டு நிறைந்தது. அடுத்த தட்டும் நிறைய ஆரம்பித்தது. நிறைந்த ஃப்ரிட்ஜுதான் வீட்டுக்கு லட்சுமி என்று அம்மா அடிக்கடி சொல்லுவார். அப்படியானால் எங்கள் வீட்டில் லட்சுமி கால் நீட்டிப் படுக்க இடமில்லாமல் இருந்தாள்.

அம்மா ஒவ்வொன்றாக வெளியேற்றினார். முதலில் ஐஸ்கட்டித் தட்டுகள் போயின. பிறகு துருவிய தேங்காய், பச்சைப் பட்டாணி, எனக்கென்று வாங்கியிருந்த ரொட்டி சானாய் பாக்கெட். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அம்மா முன்புபோல வாதாடவோ கணக்குப் பார்க்கவோ இல்லை. நான் மட்டும்தான் உற்சாகமாக இருந்தேன். சித்தப்பா வேலை முடிந்து ரவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வந்ததும் அம்மா முகத்தாலேயே கேட்பார், அவர் இல்லையென்று தலையை ஆட்டுவார். "எவ்ளோ சேந்திருக்கு பாருங்க சித்தப்பா" என்று நான் கதவைத் திறந்து காட்டுவேன். அவர் பார்ப்பார். நல்லா அடுக்கியிருக்கம்மா என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். பாராட்டத் தெரியாத மனிதர் என்று எனக்கு அவர்மேல் வருத்தம்.

ஒருநாள் மத்தியானம் இனி ஒரு பைகூட வைக்க முடியாது என்ற நிலை வந்தது. சித்தி கையில் புதுப் பையோடு ஃப்ரீசர் முன்னால் நின்றார். நின்றவர் அதைக் கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியின்மேல் பிடித்தார்.

"ஊத்திடுறேன்க்கா. யாருக்கு இத சேத்து வைக்கிறது?"

அம்மா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "குடிப்பாடி. குடிக்கிற அன்னிக்கி உனக்கு வத்திப்போயிருந்தா என்ன பண்ணுவ? குடு இங்க" என்றார் அம்மா. பையைச் சித்தியின் விரல்களிலிருந்து பிரித்து எடுத்து என்னிடம் கொடுத்து, மக்சிக் வீட்டைக் காட்டினார்.

மக்சிக்கின் ஃப்ரீசரில் ஏற்கனவே எங்கள் கோழியும் மீனும் குடியிருந்தன. விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அன்று மாலையே எங்கள் கோழி அத்தனையும் ரெண்டாங் கறியாகி அந்த மாடி முழுக்க மணத்தது. விரத வீட்டுக்கு அதில் ஒரு துண்டு கொடுக்க முடியாதே என்று அவருக்குத்தான் மனக்கஷ்டம். பால் பைகளைத் தனிப் பெட்டியில் வைத்துச் சிவப்புத் துணியால் கட்டினார். அவர் மருமகளுக்கும் கைக்குழந்தை இருந்தது. தவறிப்போய் அது இந்தப் பாலைக் குடித்துவிட்டால் இரண்டு பிள்ளைகளும் உடன்பிறப்பாகிவிடுவார்கள், அவர்கள் மார்க்கத்தில் அதற்குக் கணக்கு உண்டு. இப்படியாக, இரண்டு மதங்களின் காவலில் அந்தப் பால் பத்திரமாக இருந்தது.

அதற்கப்புறம் சித்தியின் மெஷின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பைகள் பாதிதான் நிறைந்தன, பிறகு அதுவும் இல்லை. எனக்கு வேலை குறைந்துபோனதில் கவலை.

ஒரு சாயங்காலம் சித்தப்பா ஐஸ் போட்ட நீலப் பெட்டியோடு வந்து முன்வரிசைப் பைகளை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் இன்னும் நிறைய எடுத்தார். அதற்கடுத்த நாள் பெட்டி போதாமல் அம்மாவின் மார்க்கெட் பையிலும் போட்டுக்கொண்டார். நான் பார்த்துப் பார்த்துக் கட்டியது கண் முன்னாலேயே கரைந்தது. மக்சிக் வீட்டில் இருந்ததும் வந்து, வந்த வேகத்திலேயே போனது. வீட்டில் ஒருவரும் தடுக்கவில்லை. அம்மா தானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். லட்சுமி வெளியே போகிறாள், இவர்கள் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

கடைசி வரிசை மட்டும் மிஞ்சியிருந்த அன்றைக்கு நான் ஃப்ரிட்ஜை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"குடுக்க மாட்டேன். எல்லாத்தயும் எடுத்துட்டா சித்திக்கி என்ன இருக்கும்? சித்தி பாவம்."

சித்தப்பா சிரித்தார். அந்த மனிதருக்குப் பல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. சிரித்துக்கொண்டே என்னை அப்படியே தூக்கி மேசைமேல் உட்காரவைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். சித்தி உள்ளேயிருந்து வந்தார். பைகள் பெட்டிக்குள் போனதும் காலியாகிப்போன ஃப்ரீசரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதில் ஓரத்து உறைபனியைத் தவிர எதுவும் இல்லை. பிறகு தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். வேலை முடிந்து வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மேசைமேலிருந்து எல்லோரையும்விடச் சத்தமாக அழுதேன்.

சித்தியின் அந்தப் பிள்ளை, என் தங்கச்சி, இப்போது என்னைவிட உயரம். அந்த நாட்களைப் பற்றி அம்மா ஒருமுறை விளக்கிச் சொன்னபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மூக்கில் போட்ட குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்த பாலைக்கூட அந்தச் சின்ன வயிறு ஏற்றுக்கொள்ளாமல் கிடந்த நாட்களில்தான் எங்கள் ஃப்ரீசர் நிறைந்துகொண்டிருந்தது. நான் அடுக்கி அழகு பார்த்த ஒவ்வொரு பையும் அவள் குடிக்காமல் விட்ட பால். கதவைத் திறந்து திறந்து நான் சித்தப்பாவுக்குக் காட்டியது அதைத்தான். அவள் குடிக்க ஆரம்பித்து, சித்திக்குச் சுரந்தது போதாமல், சேர்த்துவைத்தது அத்தனையும் தீர்ந்த அந்தச் சாயங்காலம், வீட்டில் எல்லோரும் சந்தோஷத்தில் அழுதார்கள். பால் தீர்ந்துபோயிற்றே என்று அழுதவள் நான் ஒருத்திதான்.